மெழுகுக் காளானின் சிவப்பு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம். யாரும் என்றால் இரண்டே பேர், நானும் என் வீட்டுக்காரரும். அரியலூரில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் வாசலுக்கும் கொல்லைக்கும் அவர் நடந்துகொண்டே இருப்பார். மேற்கே கறுத்தால், "மலையில பெய்யுது" என்பார். கறுக்காவிட்டால், "இங்க இல்லைன்னா என்ன, மலையில பெய்யுதோ என்னமோ" என்பார். தட்டில் போட்ட சோறு ஆறிப்போகும். "மழை உங்களக் கேட்டுட்டா பெய்யும்? வந்து உக்காருங்க" என்று கத்துவேன். கத்திவிட்டு நானும் கொல்லைக்குப் போய் வானத்தைப் பார்ப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்.

அவர் கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். பச்சைமலையில் முளைக்கிற காளான்களைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். பறித்துக் குழம்பு வைக்கிற காளான் இல்லை இது. மெழுகுக் காளான் என்று ஒரு சாதி. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். பெரியதென்றால் ஒரு ரூபாய்க் காசு அகலம். தொட்டால் மெழுகுவத்தியைத் தொட்ட மாதிரி விரல் வழுக்கும். மூன்று நாள் விடாமல் தூறினால் புல்லுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அப்புறம் ஒரு நாள் சுள்ளென்று வெயிலடித்தால் கூழாகிப் போய்விடும். அதற்குள் போய்ப் பெயர்த்து, எழுதி, காயவைத்து, பொட்டலம் கட்டி, திருச்சியில் இருந்த காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். காய்ந்த செடிகொடிகளை அடுக்கி நூறு வருஷம் பத்திரமாக வைத்திருக்கிற இடம் அது. தப்பவிட்டால் அடுத்த ஐப்பசிதான்.

அவர் பதிந்து மூன்று வருஷம் ஓடியிருந்தது. மிச்சம் இரண்டு வருஷம். அந்தக் காப்பகத்துக்குப் பொறுப்பாளரும் அவருடைய வழிகாட்டியுமான திருச்சிப் பேராசிரியர் அதோடு ஓய்வு பெற்றுவிடுவார். பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால், வருஷா வருஷம் கல்லூரி திறக்கிற நேரத்தில் இந்த வருஷமும் வைத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டும். இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. என் வீட்டுக்காரருக்குச் சிவப்பு தெரியாது.

எனக்கே அது கல்யாணமாகி ஐந்தாறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தக்காளி வாங்கிவரச் சொன்னால் காயாக வாங்கி வருவார். கல்லூரிக்குப் போகிற அவசரம், பாவம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரனைத்தான் திட்டினேன். தலைதீபாவளிக்கு ஒரு புடவை வாங்கிவந்தார். "உனக்குப் பிடிச்ச அரக்குக் கலர்" என்று கையில் கொடுத்தார். பிரித்தால் பாசிப் பச்சை! என் அப்பா உடையார்பாளையத்தில் தறிக்காரர்களுக்கு நூல் சாயம் போட்டுக் கொடுக்கிறவர். சாயக் கொப்பரைக்குப் பக்கத்தில் தவழ்ந்து வளர்ந்தவள் நான். சிவப்பில் மட்டும் இருபது வகைக்கு எனக்குப் பேர் தெரியும். என்னிடம் பச்சையைக் கொடுத்து அரக்கு என்றால் என்ன நினைப்பேன்? யாரோ ஒருத்திக்கு அரக்கு வாங்கியிருக்கிறார், பொட்டலம் மாறிப்போயிற்று என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். படிப்பு முடிந்ததும் ரயில்வே வேலைக்குத் தேர்வாகி, உடம்புப் பரிசோதனை வரைக்கும் போயிருக்கிறார். அங்கே வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, உள்ளே என்ன எண் என்று கேட்டிருக்கிறார்கள். "வரிசையில நின்ன எல்லாருக்கும் நம்பர் தெரிஞ்சுது. எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சுது" என்றார். வீட்டில், நெஞ்சளவு பத்தவில்லை என்று சொல்லி மறைத்துவிட்டார். அதற்குப் பிறகு மேலே படித்து வாத்தியார் ஆனார். வகுப்பில் தண்டை வெட்டிச் சிவப்புச் சாயமும் பச்சைச் சாயமும் ஏற்றி நுண்ணோக்கியில் காட்டும்போதுகூட, எந்த இடம் எந்தச் சாயத்தைக் குடிக்கும் என்று மனப்பாடமாக வைத்துக்கொண்டு ஒப்பேற்றினார்.

"அப்புறம் ஏங்க இந்தக் காளானப் போயிப் புடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"பூவெல்லாம் மத்த ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க. காளான்தானே, வெள்ளையும் பழுப்புமாத்தான் இருக்கும், தப்பிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். மெழுகுக் காளானில் குங்குமச் சிவப்பு உண்டு, ஆரஞ்சு உண்டு, எலுமிச்சை மஞ்சள் உண்டு, பச்சைகூட உண்டு. நிறத்தை வைத்துத்தான் பாதி அடையாளமே. காய்ந்தால் நிறம் நிற்காது என்பதால், பறித்த இடத்திலேயே தொப்பி என்ன நிறம், தொப்பிக்கு அடியில் இருக்கிற மடிப்பு என்ன நிறம், தண்டு என்ன நிறம் என்று எழுதியாக வேண்டும். அந்தக் குறிப்பில்லாத பொட்டலத்தைக் காப்பகம் வாங்காது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கப்பாகிட்ட சொல்லிடாத" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் அப்பாவிடமா சொல்வேன்? சாயக்காரருக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை என்றால் உடையார்பாளையமே கைகொட்டிச் சிரிக்கும்.

அந்த வருஷத்திலிருந்து அவர் கண்ணுக்குப் பதில் என் கண் மலை ஏறியது. தூறல் பிடித்தால் சனிக்கிழமை முதல் பஸ். அரியலூரிலிருந்து பெரம்பலூர், அங்கே இறங்கி ஒரு டீ, அரும்பாவூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி மலையடிவாரம், பிறகு நடை. கையில் சாப்பாட்டு வாளி, ஒரு பேனாக்கத்தி, உள்ளே அட்டையால் அறை அறையாகத் தடுத்த பெரிய பிஸ்கட் டப்பா. கல்லூரியில் மற்ற வாத்தியார்கள், "சார் சம்சாரத்த விட்டுட்டு ஒரு நாள் இருக்க மாட்டாரு" என்று கேலி செய்வார்களாம். செய்துவிட்டுப் போகட்டும். உண்மையைச் சொல்வதைவிட அது மேல் என்று நினைத்தார்.

மலையில் மேய்ச்சல் புல்வெளிக்குப் போனதும் நான் முன்னால் நடப்பேன், அவர் என் காலடியைப் பார்த்துப் பின்னால் வருவார். நான் காட்டினால் மண்டி போட்டு உட்கார்ந்து, அடி மண்ணோடு அலுங்காமல் பெயர்ப்பார். அந்தக் கைவேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு அவசரக் கை. நான் தொட்டால் தண்டு ஒடிந்துவிடும். பெயர்த்ததும் நோட்டைப் பிரிப்பார்.

"தொப்பி?"

"மொளகாப் பழம்."

"மொளகாப் பழம்னா காப்பகத்துல ஏத்துக்க மாட்டாங்க."

"அப்ப நீங்களே பாத்து எழுதிக்குங்க."

பேனாவால் நோட்டைத் தட்டுவார். பிறகு, "சரி, மொளகாப் பழம். காஞ்சதா, செடியில இருக்கறதா?" என்பார்.

"செடியில இருக்கறது. நெழல்ல பழுத்தது. ஓரம் மட்டும் வெளிறுது, மாதுளம்பூ மாதிரி. அடி மடிப்பு சந்தனம், அதுல துளி மஞ்சத்தூள் விழுந்த சந்தனம்."

எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டி இங்கிலீஷில் மாற்றுவார். மாற்ற முடியாததை அப்படியே தமிழில் வைத்துவிடுவார். ஆடு மேய்க்க வந்த ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏம்மா, இத ஆடுகூட மோந்து பாக்காது. இதப் போயிப் பொன்னு மாதிரி பொறுக்குறீங்களே?" என்றாள். "பொன்னா இருந்தா வித்துட்டு வூட்டுல உக்காந்திருக்க மாட்டோமா?" என்றேன். அவள் சிரித்துவிட்டு, இன்னும் நிறைய இருக்கிற இடத்தைக் காட்டினாள்.

இறங்கி வருகிற வழியெல்லாம் டப்பா அவர் மடியில்தான். பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்தால் முதலில் டப்பாவைப் பார்ப்பார், அப்புறம்தான் என்னை. அரியலூரில் இறங்கினதும் வீட்டுக்கு வராமல் நேரே கல்லூரிக்குப் போவார். அங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு, மேலே கம்பி வலை போட்டு வைத்திருந்தார். இந்தக் காளானுக்கு உடம்பெல்லாம் தண்ணீர். சூடு கூடினால் வெந்துபோகும், குறைந்தால் அழுகிப்போகும். கரண்ட் போய்விட்டால் சாப்பிடுகிற கையோடு எழுந்து கல்லூரிக்கு ஓடுவார். காய்ந்ததும் அங்கேயே பொட்டலம் மடித்து, பூச்சி அரிக்காமல் அந்துருண்டை போட்டு, அங்கிருந்தே திருச்சிக்கு அனுப்பிவிடுவார். காய்ந்த காளானை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நிறம் நிற்காது என்று அவர் சொன்னபோது, நாலு துவைப்பு துவைத்த புடவை மாதிரி கொஞ்சம் மங்கும் என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மலையில் கால் வலிக்கும்போது வாய் நீண்டுவிடும். "கொஞ்சம் உத்துத்தான் பாருங்களேன், இவ்வளவு செவப்பா எரியுது, அது எப்படித் தெரியாமப் போவும்?" என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஏதோ அவர் வீம்புக்குப் பார்க்க மறுப்பதுபோல. ஒரு தடவை கோபத்தில் கண்ணிருந்தும் குருடு என்று சொல்லிவிட்டேன். அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். அதை இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் திருச்சியிலிருந்து கடிதம் வந்தது. நிறக் குறிப்புகள் மிக நுணுக்கமாக இருக்கின்றன, இந்த மழைக்கு நானும் மலைக்கு வருகிறேன், நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற புத்தகத்தையும் கொண்டுவருகிறேன் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்ததும் இவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"அவ்வளவுதான். போச்சு" என்றார்.

"என்ன போச்சு? நானும் வரேன். அவர் கேக்கறதுக்கு முந்தி நான் சொல்லிடறேன். பொம்பள வாய்னு நெனச்சுக்கிட்டுப் போறாரு."

"சொதப்பிடாத."

"நானா சொதப்புவேன்?" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பேராசிரியர் பாடாலூர் வழியாகப் பெரம்பலூருக்கு வந்து பஸ் ஸ்டாண்டில் எங்களோடு சேர்ந்துகொண்டார். ஒல்லியான மனுஷன், கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்ட பேண்ட், தோளில் ஜோல்னாப் பை. என்னைப் பார்த்ததும், "அம்மாவும் வராங்களா? மலை வழுக்குமே" என்றார். "பழக்கந்தாங்க சார்" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மேலே போய் முதல் காளானைக் கண்டதும் நான் ஆரம்பித்துவிட்டேன். "ஏங்க, இங்க ஒண்ணு, எலுமிச்சம்பழ மஞ்சள்ல!" இரண்டாவதற்கும் முந்திக்கொண்டேன். மூன்றாவதற்குப் பேராசிரியர் குனிந்து, "தம்பி, இந்தத் தண்டு என்ன நிறம் சொல்வீங்க?" என்று இவரைக் கேட்க, இவர் வாயைத் திறப்பதற்குள், "செங்கல் பொடிங்க சார்" என்றேன். பேராசிரியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க நல்லாத்தான் பாக்கறீங்க. ஆனா அவர் சொல்லட்டும். நீங்க அந்த மரத்தடியில கொஞ்சம் உக்காருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். போகாமல் என்ன செய்வது? சாப்பாட்டு வாளியோடு போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று பேர்தான். முள் மேல் இருந்தேன்.

இருபது அடி தள்ளி அவர்கள் புல்லில் நடந்தார்கள். பேராசிரியர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். அப்போதுதான் பார்த்தேன். இவருக்கு நேர் முன்னால், நனைந்த பச்சைப் புல்லில், ஏழெட்டுக் காளான் கொத்தாக நின்றன. அப்படி ஒரு அரக்குச் சிவப்பை நான் மூன்று வருஷத்தில் பார்த்ததில்லை. மரத்தடியிலிருந்தே எனக்குக் கண்ணைப் பறித்தது. இவர் நேராக அதை நோக்கி நடந்தார். குனிவார், குனிவார் என்று பார்த்தேன். குனியவில்லை.

"ஏங்க! நில்லுங்க! கால்ல!" என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினேன். அதற்குள் மிதித்துவிட்டார்.

பேராசிரியர் வந்து பார்த்தார். இவர் காலை எடுத்தார். ஐந்து நசுங்கிப்போய்க் கிடந்தன, ஓரத்தில் மூன்று மட்டும் தப்பித்திருந்தன. பேராசிரியர் அந்தச் சிவப்பையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னய்யா இது? இவ்வளவு சிவப்பு காலடியில இருக்கு, உமக்குத் தெரியலையா?"

இவர் செருப்படியைப் புல்லில் தேய்த்தார்.

"காலடியில இருக்கறதையே பாக்காதவர், ஓரம் மாதுளம்பூ, அடி சந்தனம்னு எப்படி எழுதினீர்? எந்தப் புத்தகத்துலேர்ந்து எடுத்தீர்? எனக்கு முன்னாடியே சந்தேகம்தான். மலையில நின்னுக்கிட்டு மழையில எவனும் அவ்வளவு நுணுக்கமா எழுத மாட்டான்."

அதையும் இவர் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனுஷன் தன்னைத் திருடன் என்று சொன்னாலும் கேட்டுக்கொள்வார், கண் தெரியாதவன் என்று மட்டும் சொல்லவிட மாட்டார். பட்டம் போனாலும் சரி என்று நிற்கிறார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"புத்தகமும் இல்ல, ஒண்ணும் இல்லங்க சார்! அவருக்குச் செவப்பே தெரியாது. எழுதினது அவரு, பாத்துச் சொன்னது அவ்வளவும் நான்."

சொல்லி முடித்த பிறகுதான் இவரைப் பார்த்தேன். அந்த மாதிரி அவர் என்னை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பேராசிரியர் நம்பவில்லை. தப்பித்த மூன்றில் ஒன்றைப் பெயர்த்து, நிறப் புத்தகத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தார். கட்டம் கட்டமாகச் சிவப்புத் தாள்கள் ஒட்டியிருந்தன. "இதுல எது?" என்றார். புரட்டிப் பார்த்தேன். "எதுவும் இல்லங்க சார். இதுக்கும் இதுக்கும் நடுவுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு" என்றேன். "இப்ப இப்படி இருக்கு. வெளிய எடுத்துட்டீங்கல்ல, கொஞ்ச நேரத்துல ஓரம் வெளிறும், நடு மட்டும் அப்படியே நிக்கும்." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். மூன்று பேரும் ஒரு காளானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓரம் வெளிறியது. நடு அப்படியே நின்றது. "ம்" என்றார். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பையில் போட்டார்.

கொண்டுபோன புளிச்சாதத்தை யாரும் தொடவில்லை. பெரம்பலூர் வரைக்கும் ஒரே பஸ்ஸில் மூன்று பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். திருச்சி பஸ்ஸில் ஏறும்போது பேராசிரியர், "எழுதறேன்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "சோறு", "தண்ணி", "போயிட்டு வரேன்", இந்த மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் இரண்டு பேரும் வாசலுக்கு ஓடுவோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் திரும்பி வருவோம். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே யோசிப்பேன். அவரைக் காப்பாற்றத்தானே சொன்னேன்? இல்லை, என் கண் பார்த்ததை யாரோ ஒரு புத்தகத்தின் கணக்கில் எழுதிவிட்டார்களே என்ற ஆத்திரத்தில் சொன்னேனா? இரண்டும்தான். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பேன்.

கார்த்திகை பாதியில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், மூன்று வருஷமாக அனுப்பின நாற்பத்தொரு பொட்டலமும் உள்ளே. "எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டார்" என்று சொல்லி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நான்தான் கடிதத்தைத் தேடி எடுத்து நீட்டினேன். அவர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். தமிழில் எழுதியிருந்ததால் புரிந்தது. வேலை நன்றாக இருக்கிறது, பதிவு ரத்தாகாது, ஆனால் பொய்யில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சேகரித்தவர் பேருக்குக் கீழே நிறம் பார்த்தவர் பேர் இருக்க வேண்டும், அந்த அம்மாவே தன் கையால் எழுத வேண்டும், ஏன் என்பதையும் ஆய்வேட்டின் முன்பக்கத்தில் எழுத வேண்டும். மாசிக்குள் திரும்பி வரட்டும். இவ்வளவுதான் கடிதம்.

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். வாசல், கொல்லை, வாசல், கொல்லை.

"அந்தப் பொட்டலமெல்லாம் நூறு வருஷம் இருக்கும். நான் செத்தப்புறமும் எவனாவது பிரிப்பான். இந்த ஆளுக்குக் கண்ணுல கோளாறுன்னு படிப்பான்."

"படிச்சா படிக்கட்டுமே. என் பேரும்தான இருக்கும்" என்றேன். வாய் முந்திவிட்டது.

நின்றார். "உனக்கு அதுதான வேணும்" என்றார்.

சுருக்கென்று தைத்தது. பாதி உண்மைதானே. பார்சல் கூடத்து பெஞ்சின் மேலேயே கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. எழுதாமல் விட்டால் பட்டம் இல்லை. எழுதினால் என்றென்றைக்கும் எழுத்தில் நிற்கும். எது என்று அவர் சொல்ல வேண்டும். நான் சொல்லக்கூடாது என்று முதல் தடவையாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தாங்கவில்லை. எழுதுவதற்கு இல்லை, பார்ப்பதற்குத்தான். போன வருஷம் எடுத்த ஒரு குங்குமச் சிவப்பு இருந்தது, என் மனசுக்குப் பிடித்தது. அதன் எண் எனக்கு ஞாபகம். அந்தப் பொட்டலத்தை எடுத்து மடிப்பைப் பிரித்தேன். உள்ளே சுண்டைக்காய் வத்தல் மாதிரி என்னவோ கிடந்தது. பழுப்பு. தப்பாக எடுத்துவிட்டேனோ என்று எண்ணைப் பார்த்தேன். அதேதான். எலுமிச்சை மஞ்சளைப் பிரித்தேன். பழுப்பு. மாதுளம்பூவைப் பிரித்தேன். அதுவும் அதே பழுப்பு. பத்துப் பொட்டலம் பிரித்திருப்பேன். ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"ஐயோ, எல்லாம் போச்சேங்க!" என்று கத்திவிட்டேன்.

பூச்சி அரித்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தார். ஒரு பொட்டலத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பூச்சியும் இல்ல, பூஞ்சையும் இல்ல. என்ன போச்சு?"

"கலருங்க! அவ்வளவு செவப்பும் போச்சு, பாருங்க!"

மறுபடியும் பார்த்தார். சண்டைக்கு இல்லை, குத்திக் காட்டவும் இல்லை, உள்ளதைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"மலையில பாத்தப்பவும் எனக்கு இப்படித்தான் இருந்துச்சு."

அவர் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. அது சிவப்பு என்று எனக்குத் தெரியும். இருந்தும் கண்ணுக்கு அது தெரியவில்லை. மூன்று வருஷமாக இந்த மனுஷன் இதைத்தான் பார்த்திருக்கிறார், இதைப் பார்த்துக்கொண்டு நான் சொன்ன குங்குமத்தையும் மாதுளம்பூவையும் நம்பி எழுதியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"விடுங்க. பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் எழுத மாட்டேன். இந்த வேலை இல்லைன்னா வேற வேலை. டுடோரியல்ல பாடம் எடுத்துக்கிட்டாப் போச்சு" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவர் பொட்டலங்களை ஒவ்வொன்றாக மடித்து எண் வரிசையில் அடுக்கினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் பக்கம் நீட்டினார்.

"எழுது. நீ எழுதாட்டி, இதுல செவப்பு இருந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்?"

முதல் பொட்டலத்தில், அவர் பேருக்குக் கீழே, தமிழில் என் பேரை எழுதினேன். மை காயும் வரைக்கும் ஊதிவிட்டு, அவர் அடுத்ததை எடுத்துக் கொடுத்தார்.